23 வருட வெட்டுத்துணி, இரண்டு டிரங்க் பெட்டி: போர்வை தைக்கலாம் என்றிருக்கிறேன்

மாசிவீதி_ஊசி (ஜூன் 4)
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், 23 வருடமாக. ஒவ்வொரு பிளவுஸ் வெட்டும்போதும் கொஞ்சம் துணி மிஞ்சும். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். குப்பையில் போட மனசு வராது. அப்படிச் சேர்ந்தது ஒரு டிரங்க் பெட்டி.

இன்னொரு பெட்டியில் இருப்பது முழு பிளவுஸ் பிட்டுகள். கொலுவுக்குப் போன வீடுகளில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்தவை. இவற்றை யாரும் தைத்துப் போடுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் வேறு ஒருவருக்குப் போகும். நான் கொடுத்த கிளிப்பச்சை பிட் ஒன்று நாலு வருடம் கழித்து, மடிப்புகூடக் கலையாமல், எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு சிங்கிள் கட்டில் போர்வை தைக்க ஆசை. பிரச்சினை இரண்டு. ஒன்று, கலர். வாடாமல்லி, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். ப்ளூ, அரக்கு, கத்திரிப்பூ, எல்லாம் கத்துகிற கலர். மகள் பார்த்துவிட்டு, "இதை எல்லாம் ஒன்றாகப் போட்டால் கண் வலிக்கும்மா, வெளிர் கலர் மட்டும் எடு" என்கிறாள். வெளிர் கலர் மட்டும் எடுத்தால் ஒரு தலையணை உறைகூடத் தேறாது. இரண்டாவது பிரச்சினை, கத்திரியை எடுத்தால் கை நிற்கிறது. 23 வருடம் ஊரார் துணியைப் பயமில்லாமல் வெட்டியவளுக்குத் தன் துணியை வெட்டப் பயம்.

சும்மாதான்_கேட்டேன் (ஜூன் 4)
தப்பாக நினைக்காதீர்கள், கடையில் போர்வை கிடைக்காதா?

மாசிவீதி_ஊசி (ஜூன் 4)
கிடைக்கும் தம்பி. பெட்டிதான் காலியாகாது.

குளிர்நாட்டுக்காரி (ஜூன் 5)
அக்கா, வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது இருபது வருடமாக டொரொன்டோ. இங்கே எங்கள் பகுதி நூலகத்தில் வாரம் ஒருநாள் குவில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கும் பெண்கள் கூடுவார்கள், நானும் போகிறவள். நீங்கள் சொன்ன இரண்டாவது பிரச்சினை அங்கே வருகிற எல்லோருக்கும் உண்டு. அலமாரி நிறையத் துணி வைத்துக்கொண்டு, "நல்லதுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே வயது போனவர்கள் இருக்கிறார்கள்.

என்னுடைய வழி: மிகவும் பிடித்த துணியை முதலில் வெட்டுங்கள். பிடிக்காததில் தொடங்கினால் பழகிவிடும் என்று நினைப்போம். பழகாது, வேலைதான் சலித்துப்போகும். அம்மம்மாவின் சீத்தைத் துணிச் சட்டை ஒன்றை நான் ஒன்பது வருடம் தொடாமல் வைத்திருந்தேன். கடைசியில் எடுத்து விரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வந்தது. மடித்த இடத்திலேயே துணி இற்றுப்போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை (ஜூன் 5)
கலரைப் பற்றி எனக்குத் தெரியாது. அளவைப் பற்றிச் சொல்கிறேன்.

60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 5 அங்குலச் சதுரம் வெட்டினால், ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, தைத்தபின் நாலரை நிற்கும். அகலத்தில் 13, நீளத்தில் 20, ஆக 260 சதுரம். 80 சென்டிமீட்டர் பிட், 36 அங்குல அகலம் என்றால் அதில் 42 சதுரம் விழும். அதாவது ஏழே பிட்டில் போர்வையின் மேல்பக்கம் முடிந்துவிடும். உங்கள் இரண்டாவது பெட்டியின் மேலடுக்கு போதும்.

அடிப்பக்கத்துக்குத் தனியாகத் துணி வாங்காதீர்கள். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குல நீளம். பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 89 அங்குல அகலம். தாராளம்.

தறிக்குழி (ஜூன் 5)
ஐயா கணக்கு சரி. ஆனால் அக்காவிடம் அதிகம் இருப்பது பிளவுஸில் மிஞ்சிய துண்டு. கழுத்து வெட்டியது அரிவாள் மாதிரி இருக்கும், அக்குள் வெட்டியது பிறை மாதிரி இருக்கும், மீதி எல்லாம் இரண்டு விரல் அகலப் பட்டை. 5 அங்குலச் சதுரம் எங்கே வரும்? முழு பிட்டை மட்டும் வெட்டி முடித்தால், முதல் பெட்டி அப்படியே கிடக்கும்.

கணக்குப்பிள்ளை (ஜூன் 5)
நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

குளிர்நாட்டுக்காரி (ஜூன் 6)
பட்டை என்றால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. பழைய வேட்டியிலோ மெல்லிய பருத்தியிலோ 9 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் மூலைக்கு மூலை ஒரு பட்டையை வையுங்கள். அதன் மேல் இன்னொரு பட்டையை முகம் பார்த்துக் கவிழ்த்து, ஓரத்தில் ஓட்டித் தைத்து, புரட்டி, நகத்தால் கீறி மடிப்பு வையுங்கள். அப்படியே இரு பக்கமும் மூலை வரை போய்க்கொண்டே இருக்கலாம். பட்டை கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் எட்டரை அங்குலத்துக்குச் சீராக வெட்டினால், தைத்தபின் எட்டு. பழைய செய்தித்தாளின் மேலும் தைத்துக் கிழித்து எடுப்பார்கள், ஆனால் மை வெளிர் துணியில் ஒட்டும். வேட்டி என்றால் கிழிக்கவே வேண்டாம், உள்ளே இன்னொரு அடுக்காக நின்றுவிடும்.

மிஞ்சிய துணியில் இருந்து வந்த குவில்ட் என்றால் எனக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஞாபகம்தான் வரும். ஆற்று வளைவுக்குள் இருக்கிற சின்ன ஊர், கறுப்பினப் பெண்கள். வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டைத் துணியில் தைத்தார்கள். 1966ல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். 1972ல் அவர்களுக்கு சியர்ஸ் நிறுவனத்தின் கார்டுராய் தலையணை உறை தைக்கிற வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் தைத்த குவில்ட்டுகள் உண்டு. உங்கள் கதைதான் அக்கா! 2002ல் அவர்களின் குவில்ட்டுகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006ல் தபால்தலையாகவும் வந்தன. கோடு எதுவும் நேராக இருக்காது. கலர் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கும். பார்த்தால் கண் எடுக்க மாட்டோம்.

தறிக்குழி (ஜூன் 6)
கலர் சண்டைக்கு அலபாமா வரை போக வேண்டாம். தேர்த் தொம்பையைப் பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரைச் சுற்றித் தொங்கவிடுவார்களே, அதுதான். சிவப்புத் துணியின் மேல் மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு எல்லாம் வெட்டி வைத்துத் தைத்தது. இதைவிடக் கத்துகிற கலர் உண்டா? ஆனால் யாருக்காவது கண் வலித்திருக்கிறதா? பச்சையும் சிவப்பும் முட்டுகிற இடத்தில் வெள்ளையில் ஒரு பூவோ கோடோ வந்துவிடும். கண் அங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அக்கா, கலரைக் குறைக்காதீர்கள். எல்லாக் கட்டத்திலும் நடுப்பட்டையை மட்டும் ஒரே துணியாக வையுங்கள். காடாத் துணி போதும். நாலு கட்டம் சேர்த்தால் நடுப்பட்டைகள் வைரம் வைரமாக ஓடும். அதற்குள் என்ன கூத்து வேண்டுமானாலும் நடக்கட்டும்.

அப்புறம் ஒன்று. கலர் பெயரை மறந்துவிட்டு அடர்த்தியைப் பாருங்கள். போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வாடாமல்லியும் ராமர் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண் கூசும். நடுவில் மாம்பழ மஞ்சளைப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் அப்பாவுக்கு போன் கிடையாது, பாவு ஓட்டும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். அதுவும் இதேதான்.

கணக்குப்பிள்ளை (ஜூன் 6)
8 அங்குலக் கட்டம் என்றால் அகலத்தில் 7, நீளத்தில் 11, மொத்தம் 77. அளவு 56க்கு 88. சுற்றிலும் 2 அங்குலக் கரை வைத்தால் 60க்கு 92.

நடுப்பட்டை ஒன்றரை அங்குல அகலம், மூலைக்கு மூலை என்பதால் 13 அங்குல நீளம் வேண்டும். 45 அங்குல அகலக் காடாவில் ஒரு வரிசைக்கு மூன்று விழும். 26 வரிசை, 39 அங்குலம். ஒரு மீட்டருக்குச் சொட்டுக்கூட மிஞ்சாது. காடா முதல் தண்ணீரில் சுருங்கும், ஒன்றேகால் மீட்டராக வாங்கி நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள்.

சும்மாதான்_கேட்டேன் (ஜூன் 6)
போர்வைக்கு இன்ஜினியரிங் பட்டம் வேண்டும் போலிருக்கிறது.

மாசிவீதி_ஊசி (ஜூன் 7)
காடா யோசனை பிடித்துவிட்டது. நேற்று ராத்திரி இரண்டு பெட்டியையும் கவிழ்த்துத் தரம் பிரித்தேன். பாதிக்கு மேல் டூ பை டூ ரூபியா, பருத்தி பிளவுஸ் துணி. கொலு பிட்டுகளில் நிறைய பாலியஸ்டர் கலப்பு. சந்தேகமானதில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பல் உதிர்கிறது. மற்றது உருகி மணியாகத் திரள்கிறது. திரண்டதை எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். மதுரை வெயிலில் அதைப் போர்த்த முடியாது, இஸ்திரி சூட்டுக்கும் தாங்காது.

பட்டுத் துண்டு ஒரு பை இருக்கிறது. சேர்க்கலாமா?

குளிர்நாட்டுக்காரி (ஜூன் 7)
சேர்க்கலாம். பின்னால் பேப்பர் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய உள்துணி) ஒட்டினால் நூல் பிரியாது. பளபளப்பு அழகாக இருக்கும்.

தறிக்குழி (ஜூன் 7)
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பருத்திப் போர்வை வாரா வாரம் சோப்பு பார்க்கும். பட்டுக்கு அது ஆகாது, சரிகை கறுக்கும், பக்கத்துப் பருத்தி சுருங்கும்போது பட்டு உப்பிக்கொண்டு நிற்கும். சுவரில் மாட்டுவதென்றால் சேருங்கள். போர்த்துவதென்றால் வேண்டாம்.

மாசிவீதி_ஊசி (ஜூன் 7)
போர்த்தத்தான். பட்டு வெளியே. குளிர்நாட்டுக்காரி, கோபித்துக்கொள்ளாதே கண்ணு.

குளிர்நாட்டுக்காரி (ஜூன் 7)
கோபம் எல்லாம் இல்லை அக்கா. உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? நாங்கள் பருத்திப் பஞ்சு விரிப்பு வைப்போம். இங்கே ஜனவரிக் குளிருக்கு அது வேண்டும்.

மாசிவீதி_ஊசி (ஜூன் 7)
பஞ்சு வேண்டவே வேண்டாம். கட்டங்களுக்கு அடியிலேயே வேட்டி இருக்கிறது, அதற்குக் கீழே புடவை. மார்கழிக்கு அதுவே அதிகம். அம்மா எங்களுக்குப் பழம்புடவையை நாலாக மடித்து ஓரம் தைத்துத்தான் விரிப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது.

நூல்கோர்ப்பவள் (ஜூன் 8)
புதிதாக வந்திருக்கிறேன். உத்தரகன்னட மாவட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே சித்தி மக்கள், ஆப்பிரிக்க வழி வந்தவர்கள், பழந்துணியில் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். முதலில் கட்டம் தைத்து, பிறகு இணைத்து என்றெல்லாம் கிடையாது. பழைய புடவையை விரித்து, ஓரத்தில் இருந்து துண்டுகளை வைத்து, ஓரத்தை மடித்து மடித்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையல். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியில் "பூலா" வைப்பார்கள். பூ என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

கோணல் துண்டுகளுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா ஏன் மெஷினுக்குப் போக வேண்டும்?

மாசிவீதி_ஊசி (ஜூன் 8)
கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் 23 வருடம் கால்மிதி மெஷினில் உட்கார்ந்தவளுக்குக் கைத்தையல் இரண்டு வரிசைக்கு மேல் போகாது. மூலையில் பூவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாடாமல்லியில்.

இன்று முதல் பிட்டை வெட்டினேன். திரும்பி வந்த கிளிப்பச்சையை.

கணக்குப்பிள்ளை (ஜூன் 12)
ஒரு எச்சரிக்கை. ஆசாரிக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். உங்கள் கால் அங்குலத் தையல் 2 நூல். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடப் பிடித்தால், ஒரு கட்டத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போகும். நீளத்தில் 11 கட்டம், 11 நூல், அதாவது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கிட்ட. ஒரு வரிசை சரியாகவும் அடுத்தது கூடுதலாகவும் பிடித்தால் மூலைகள் சேராது. மெஷின் தகட்டில் ஊசியில் இருந்து 2 நூல் தள்ளி ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு அதை ஒட்டியே ஓட்டுங்கள்.

மாசிவீதி_ஊசி (ஜூன் 29)
ஐயா, பிளாஸ்திரி ஒட்டினேன். 77 கட்டமும் முடிந்தது. தினமும் கடைவேலை முடித்து ராத்திரி நாலு கட்டம். கரண்ட் போனால் மூன்று.

துண்டை எடுக்கும்போது ஆள் ஞாபகம் வருகிறது. இந்த அரக்கு யாருடையது, இந்த வெங்காயக் கலர் யாருடையது என்று. எத்தனை பேருக்குக் கழுத்தைப் பெரிதாக வெட்டித் திட்டு வாங்கினேன் என்பதும்தான்.

தரையில் பரப்பி, மாடிப்படியில் ஏறி நின்று படம் எடுத்து, தறிக்குழித் தம்பி சொன்ன மாதிரி கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். வலது மூலை முழுக்க ஒரே இருட்டு. மெரூனும் நாவல்பழக் கலரும் அங்கே போய்க் கூடியிருக்கின்றன. ஆறு கட்டங்களை மாற்றி வைத்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கட்டங்களை அவளே இடம் மாற்றிவிட்டுப் போனாள்.

மாசிவீதி_ஊசி (ஜூலை 8)
அவசரம். இணைத்து முடித்து, அடிப்புடவையோடு தைத்து, கரையும் வைத்து, அழுக்குப் போக ஒரு தடவை நனைத்தேன். மெரூன் சாயம் விட்டுவிட்டது. காடாப் பட்டை ஏழெட்டு இடத்தில் ரோஸ் ஆகிவிட்டது. எல்லாத் துணியையும் முன்னமே நனைத்தேன், இந்த ஒரு பிட்டைத் தவிர. புதுசு என்று விட்டுவிட்டேன். உப்பும் வினிகரும் போடட்டுமா?

குளிர்நாட்டுக்காரி (ஜூலை 8)
அக்கா, காயவிடாதீர்கள்! உப்பும் வினிகரும் வேண்டாம். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சாயத்துக்குத்தான். பருத்தியில் அதனால் பயனில்லை. உப்பு சாயமேற்றும் தொட்டியில் உதவும், ஏறிய சாயத்தைக் கட்டிப் பிடிக்காது.

பெரிய அண்டா நிறையச் சுடுதண்ணீர், அதில் சலவைத் திரவம் கொஞ்சம். போர்வை முழுக்க அமுங்க வேண்டும், எந்த மூலையும் மேலே மிதக்கக்கூடாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். துணியை விட்டு வந்த சாயத்தைச் சோப்பு தண்ணீரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், திரும்ப ஒட்ட விடாது. தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி. தெளிவாக நிற்கிற வரைக்கும்.

தறிக்குழி (ஜூலை 8)
அவர் சொல்வதுதான் சரி. நீங்கள் கவலைப்படாமல் இருக்க ஒரு கதை. 1950களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவுக்குப் போனது, பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் வழியாக. துவைத்தால் சாயம் ஓடுகிற துணி அது. வாங்கினவர்கள் கொதித்துப்போனார்கள், வழக்கு வரை பேச்சு போனது. கடைசியில் விளம்பரத்தையே மாற்றினார்கள்: சாயம் கட்டாயம் ஓடும், ஒவ்வொரு துவைப்புக்கும் புதுக் கலர் என்று. "பிளீடிங் மெட்ராஸ்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு அதற்காகவே வாங்கினார்கள்.

சும்மாதான்_கேட்டேன் (ஜூலை 9)
போயிற்றா அக்கா?

மாசிவீதி_ஊசி (ஜூலை 11)
மூன்று அண்டா. முதல் தண்ணீர் பீட்ரூட் பொரியல் அலசினது போல. இரண்டாவது ரோஸ்மில்க். மூன்றாவது தெளிந்தது. பட்டை வெள்ளையாகிவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே இளஞ்சிவப்பாக ஒரு நிழல். பக்கத்தில் இருக்கிற வாடாமல்லி அதை மறைத்துவிடுகிறது.

மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். நேர் வெயிலில் கலர் வெளுக்கும் என்று அடிப்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போட்டேன். எதிர்வீட்டு அம்மா காற்றில் புரண்டதைப் பார்த்துவிட்டு வந்து, "இந்த மஞ்சள் என்னோடதுதானே?" என்றார். அவருடையது இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாலாவது வரிசையில் ஒரு கட்டத்தின் பட்டை திரும்பி உட்கார்ந்திருக்கிறது. வைரம் அந்த ஓர் இடத்தில் உடைகிறது. நனைத்துக் காயவைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. பிரிக்கவா?

கணக்குப்பிள்ளை (ஜூலை 11)
பிரிக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வராது.

தறிக்குழி (ஜூலை 11)
விடுங்கள். கரை வைத்து முடித்ததைப் பிரித்தால் ஊசி போன துளை தெரியும்.

நூல்கோர்ப்பவள் (ஜூலை 12)
நாலு மூலையிலும் பூ வைத்தீர்களா?

மாசிவீதி_ஊசி (ஜூலை 13)
வைத்தேன். நாலும் வாடாமல்லி. பட்டையைப் பிரிக்கவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். மகள் அந்தக் கட்டத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். ஹாஸ்டலுக்கு எடுத்துப்போகப் போகிறாளாம். கண் வலிக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

பெட்டி இரண்டையும் தராசில் வைத்தேன். ஆரம்பிக்கும் முன்னால் 31 கிலோ. இப்போது 29.

சும்மாதான்_கேட்டேன் (ஜூலை 13)
அக்கா, எங்கள் அம்மாவின் புடவை பதினாறு இருக்கிறது. எனக்குத் தைக்கத் தெரியாது. வீட்டில் மெஷின் இருக்கிறது. ஊசி எத்தனை நம்பர் போட்டீர்கள்?

மாசிவீதி_ஊசி (ஜூலை 14)
கட்டம் தைக்க 14. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 16. தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. புடவையை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் விலகுகிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.